சூரிச் அன்ரியின் ஏழு கடிதங்கள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தபோது, எனக்கு முதலில் கிடைத்த வேலை ஒரு ஜேர்மன் டாக்டரின் வாழ்க்கை வரலாற்றைத் தட்டெழுதிக் கொடுப்பது. அந்த டாக்டர் ஒரு பெண். அவர் இறந்து பல காலமாகியிருந்தது.

நான் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் ஒன்பது வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். இங்கே வேலைக்கு நேர்முகம் போன இடமெல்லாம் சிரித்த முகத்தோடு பேசினார்கள், தேத்தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு கடிதம் வராது. உள்ளூர் அனுபவம் இல்லையாம். வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்டால் அதற்கும் சிரித்தார்கள். என் கணவர் ரயில்வே பட்டறையில் இயந்திரங்களுக்குப் படம் வரைபவராகச் சேர்ந்துவிட்டார். அவர்தான் பழைய தட்டெழுத்து மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி மேசையில் சமையல் சாமான்களை ஒதுக்கிவிட்டு வைத்தார்.

"இஞ்சரும், கந்தோர் உம்மைத் தேடி வராட்டில் நீர் ஒரு கந்தோரைத் திறவும்," என்றார்.

நாங்கள் இருந்த ஊருக்கு சன்ஷைன் என்று பெயர். பெயரில் இருந்த வெயில் எங்கள் முதல் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் வரவில்லை. மில்க் பார் என்று இங்கே சொல்லும் தெருமுனைச் சின்னக் கடையின் கண்ணாடியில், வீட்டிலிருந்து தட்டெழுதிக் கொடுப்பேன், சுருக்கெழுத்தும் தெரியும் என்று ஒரு அட்டை ஒட்டினேன். மூன்றாம் நாள் வாசலில் ஒருவர் நின்றார். எழுபது வயதிருக்கும். நல்ல உயரம். மண்ணிறக் கோட்டு, சைக்கிளில் வருவதற்காகக் காற்சட்டையின் அடியில் கிளிப். மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஜேர்மன்காரர். கையில் ஒரு கட்டுக் காகிதம், எல்லாம் பழைய நாட்காட்டித் தாள்களின் முதுகுப் பக்கத்தில் பென்சிலால் எழுதியது.

"என் தாயாருடைய தகப்பனுக்கு ஒரு தங்கை இருந்தார். டாக்டர். அவரைப் பற்றி எழுதுகிறேன். ஜேர்மனில் எழுதினால் இங்கே யாரும் வாசிக்க மாட்டார்கள். அதனால் ஆங்கிலம்," என்றார்.

அன்று பின்னேரமே பத்துப் பக்கம் அடித்தேன். தடங்கலில்லாமல் விரல் ஓடியது. கணவர் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடியே ஒரு தாளை எடுத்து வாசித்தார். பிறகு இன்னொரு தாள்.

"இதென்ன இங்கிலிஷ்? வினைச்சொல் எல்லாம் வசனத்தின்ரை வாலிலை நிக்குது."

அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. ஜேர்மன்காரர் தன் மொழி ஒழுங்கில் வினையைக் கடைசியில் போட்டிருக்கிறார். நம்முடைய தமிழிலும் அது அங்கேதானே நிற்கும். அதனால்தான் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. அடுத்த கிழமை அவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அப்படியானால் உங்களுடைய மொழி நல்ல மொழி," என்றார். அன்றிலிருந்து அவர் எழுதுவதை நான் திருப்பிப் போட்டு அடிப்பது என்று ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்கு வருவார். குசினிக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து நான் அடித்ததை வாய்விட்டு வாசிப்பார். பிடிக்காத இடத்தில் இருமுவார்.

அப்படித்தான் கிழமைக்கு ஐந்தாறு பக்கமாக அந்தப் பெண்ணின் கதை எனக்குத் தெரிய வந்தது.

வடக்கு ஜேர்மனியில் ஒரு மாவு மில்காரரின் மகள். பிரபு வீடொன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனவர். அங்கே வேலைக்காரப் பெண் ஒருத்தி பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் கிடந்தாள். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட வெட்கப்பட்டு, கடைசிவரை ஒன்றும் சொல்லாமலே செத்துப்போனாள். முப்பது வயதில் இவர், நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றார். ஜேர்மன் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. சுவிட்சர்லாந்தில் சூரிச்சில் மட்டும் விட்டார்கள். ரயில் ஏறிவிட்டார்.

படித்து முடித்துத் திரும்பி வந்து பெர்லினில் தொழில் தொடங்கினால், அடுத்த தொல்லை. பெண் என்பதால் அரசுப் பரீட்சை எழுத விடவில்லை. அந்தப் பரீட்சை எழுதாதவரைச் சட்டம் டாக்டராகக் கணக்கெடுக்காது. மூலிகை விற்பவரும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரும் இருந்த வரிசையில் இவரையும் சேர்த்தார்கள். பெயர்ப் பலகையில் டாக்டர் என்று எழுதியதற்காக ஒரு பொலிஸ்காரர் வந்தார். பட்டம் சூரிச்சில் வாங்கியது என்பதையும் போட வேண்டும், இல்லாவிட்டால் பலகையைக் கழற்று என்றார். இவர் பெயின்டரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார். மற்ற எழுத்தெல்லாவற்றையும் விட சூரிச் என்ற சொல் பெரிதாக, சிவப்பில். தெருக்கோடியிலிருந்தே தெரிந்ததாம். பிறகு எழுத்துத் தெரியாத பெண்கள்கூட அந்தச் சிவப்புப் பலகை எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

இதை அடித்த அன்று நான் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உள்ளூர் அனுபவம் இல்லை எண்டு அந்தக் காலத்திலையே சொல்லியிருக்கிறாங்கள். கெட்டிக்காரி உந்த சூரிச் அன்ரி," என்றார்.

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. அதைக் கேட்ட ஜேர்மன்காரர் அன்ரி என்று நாங்கள் யாரைச் சொல்வோம் என்று விசாரித்தார். மரியாதைக்குரிய எந்தப் பெரிய பெண்ணையும் சொல்வோம், உறவாக இருக்க வேண்டியதில்லை என்றேன். தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

சூரிச் அன்ரி தொழிலாளர் வாழ்ந்த பகுதியில், ஒரு கட்டடத்தின் பின்முற்றத்தில், பெண்களுக்கு மட்டும் ஒரு மருத்துவ நிலையம் திறந்தார். தையற்காரிகள், சலவைக்காரிகள், வீட்டு வேலை செய்பவர்கள் எல்லாம் வந்தார்கள். மருந்தால் தீராத நோய்தான் முக்கால்வாசி என்று அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். சுவர் முழுக்க ஈரம், காற்றுப் புகாத அறை, பத்து மணி நேரம் கூனிக்கொண்டிருக்கும் முதுகு. அதனால் மருந்துச் சீட்டிலேயே வேறு மாதிரி எழுதத் தொடங்கினார். வீட்டுச் சொந்தக்காரருக்கு: "இந்த நோயாளியின் மேற்குச் சுவரில் ஒரு சன்னல். உடனடியாக." தையல் முதலாளிக்கு: "இவருடைய கதிரையை நாலு விரல் உயர்த்தவும். காலையும் மாலையும்." சிலர் சீட்டைக் கிழித்தார்கள். சிலர், டாக்டர் எழுதியதாயிற்றே என்று பயந்து சன்னல் வைத்தார்கள். மற்ற நேரமெல்லாம் மனு எழுதுவதிலும், பெண் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தயார் செய்ய வகுப்பு நடத்துவதிலும் போயிற்று. பெர்லின் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்த காலத்தில் அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலுக்குப் போய் நின்று, உள்ளே போகிற பெண்களை ஒரு காலை முழுக்கப் பார்த்தாராம்.

கதிரை விஷயம் எனக்கும் உதவியது. முதுகு வலி என்று நான் முனகிக்கொண்டிருந்தேன். இரண்டு டெலிபோன் புத்தகங்களைக் கதிரையில் அடுக்கி அதன் மேல் இருந்து அடித்தேன். இரண்டு கிழமையில் வலி போய்விட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, அடித்த தாள்களை ஒழுங்காக அடுக்கும்போதுதான் கவனித்தேன்.

"இதில் ஐந்து வருடத்தைக் காணவில்லை," என்றேன்.

"எங்கே?"

"பதினேழாம் பக்கத்தில் சூரிச்சுக்கு ரயில் ஏறுகிறார். பதினெட்டாம் பக்கத்தில் பெர்லினில் பலகை மாட்டுகிறார். நடுவில் என்ன செய்தார்?"

"படித்தார்."

"அது விளங்குது. எங்கே இருந்தார், என்ன சாப்பிட்டார், யார் கேலி செய்தார்கள், ஒன்றுமே இல்லையே."

அவர் இருமினார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள், செவ்வாய்க்கிழமை இல்லாத நாளில், சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே நாடாவால் கட்டிய ஏழு கடிதங்கள். உறைகள் பழுத்த பூவரசம் இலை நிறத்தில் இருந்தன. ஒன்றும் திறக்கப்படவில்லை.

அன்றுதான் மிச்சக் கதையைச் சொன்னார். தங்கை பிணம் அறுக்கப் போயிருக்கிறாள் என்று ஊரில் அண்ணனைப் பரிகசித்திருக்கிறார்கள். மாவு அரைக்க வந்தவர்களே முகத்துக்கு நேரே கேட்டார்களாம். அந்த அண்ணன்தான் இவருடைய தாய்வழித் தாத்தா. அவளுடைய கடிதம் என் வீட்டில் திறக்கப்படாது என்று அவர் சொல்லிவிட்டார். எரிக்கவும் இல்லை. ஒவ்வொன்றாக இந்தப் பெட்டியில் போட்டு மூடினார். ஏழாவது கடிதத்தோடு தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டார். பெட்டி மகளிடம் வந்தது. அப்பா திறக்காததை நான் எப்படித் திறப்பது என்று அவரும் விட்டுவிட்டார். கடைசியில் இவரிடம் வந்தது.

"நீங்கள் ஏன் திறக்கவில்லை?"

"சிட்னியில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறார். பெட்டி தனக்கு வரவேண்டியது என்று அவருக்குக் கோபம். தான் இல்லாமல் திறக்கக்கூடாது என்றார். நான் அவரைக் கூப்பிடவும் இல்லை, அவர் வரவும் இல்லை. கிறிஸ்மஸ் அட்டை மட்டும் வரும்."

எத்தனை வருடமாக என்று கேட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என்றார்.

எங்களுக்கு அடுத்த மாதம் சிட்னிக்குப் போகிற வேலை இருந்தது. கணவரின் ஒன்றுவிட்ட தம்பி மெரிலேண்ட்ஸில் வீடு வாங்கிக் குடிபூரலுக்கு அழைத்திருந்தான். நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜேர்மன்காரரிடமே, "நாங்கள் பகல் ரயிலில் போறம். நீங்களும் வாருங்கோவன்," என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னார். ஜேர்மன்காரருக்கு விளங்க வேண்டியது விளங்கியது.

பகல் முழுக்க ரயில். பெட்டியை அவர் மடியிலிருந்து இறக்கவில்லை. நான் கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தை ஒரு முறைக்கு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்தார். குடிபூரல் முடிந்த மறுநாள் காலை மூன்று பேருமாக அக்கா இருந்த மான்லிக்குப் படகு ஏறினோம். நடுக்கடலில் படகு ஆடியபோது எழுதி வைத்த தாள் காற்றில் போய்விட்டது. நல்லதாய்ப் போச்சு என்றார் கணவர்.

கதவைத் திறந்த அக்கா தம்பியைவிடச் சின்ன உருவம், ஆனால் குரல் பெரியது. தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

"கொண்டுவந்தாயா?"

"கொண்டுவந்தேன்."

"இத்தனை வருடம் எடுத்தது உனக்கு. உள்ளே வா. சப்பாத்தைத் துடை."

விருந்தாளிகள் இருக்கிறோம் என்ற மரியாதைக்காக அக்காவும் தம்பியும் ஆங்கிலத்திலேயே சண்டை பிடித்தார்கள். பெட்டி யாருக்கு வரவேண்டியது, தாயாரின் ஈமச் சடங்குக்கு யார் பிந்தி வந்தது என்று ஒரு கேக் முடியும்வரை நடந்தது. நானும் கணவரும் பிளம் கேக்கைத் தின்றுகொண்டு இருந்தோம். கடைசியில் அக்கா எழும்பிப் போய், பழம் வெட்டும் கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான் வாசிக்கிறேன். இந்தப் பழைய கையெழுத்து உனக்கு ஓடாது. நீ ஆங்கிலத்தில் சொல்லு. இவர் எழுதட்டும்," என்று என்னைக் காட்டினார்.

நான் கொப்பியைத் திறந்து பென்சிலைச் சீவினேன். கந்தோரில் எத்தனையோ மேலதிகாரிகளின் கடிதங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் இன்னொரு பென்சிலையும் சீவிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் மேல் ஒரு குறைகூட இருக்காது என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் கடிதம் முழுக்க வாடகை வீட்டுக்காரியின் சூப்பைப் பற்றி. அதில் உருளைக்கிழங்கைத் தேடுவதற்கே ஒரு பட்டம் வேண்டும் என்றிருந்தது. இரண்டாவதில் முதல் வகுப்பு. இவர் உள்ளே நுழைந்ததும் ஆண் மாணவர்கள் சப்பாத்துக் காலால் தரையை உதைத்திருக்கிறார்கள். "நம் மில்லின் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு இது ஒரு சத்தமா, அண்ணா? நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குத்தான் கால் வலித்தது." அதை மொழிபெயர்க்கும்போது ஜேர்மன்காரர் நிறுத்தி, கைலேஞ்சியால் கண்ணாடியைத் துடைத்தார். எலும்புக்கூட்டுக்கு மாணவிகள் நாலுபேர் சேர்ந்து மில்லில் நின்ற கழுதையின் பெயரை வைத்திருக்கிறார்களாம். பரணில் விட்டு வந்த குளிர்காலச் சப்பாத்தை அனுப்பச் சொல்லி மூன்றாவதில் கேட்டிருந்தார்.

நாலாவதைக் கையில் எடுத்த அக்கா கத்தியை வைக்கவில்லை. உறையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டினார். சுரண்டியதை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மாவுப் பசை," என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை.

"தபால் உறையின் பசை இப்படி இருக்காது. இது கோதுமை மாவில் காய்ச்சியது. இதை யாரோ திறந்து வாசித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். மில் வீட்டில் மாவுக்கு என்ன குறை?"

மெதுவாகத் திறந்தார். அண்ணனுக்குப் பிறந்த குழந்தை ஓயாமல் இருமுகிறது என்று ஊரிலிருந்து யாரோ சொல்லி அறிந்து எழுதிய கடிதம் அது. அந்தக் குழந்தைதான் இவர்கள் இருவரின் தாயார். மூன்று கம்பளியால் சுற்றாதீர்கள். அடுப்படியிலிருந்து கட்டிலை எடுத்துச் சன்னலுக்கு அருகே போடுங்கள். பால் கொதித்த பிறகு கொடுங்கள். அடியில், வேறு கையெழுத்தில், மங்கிய பென்சிலில் இரண்டு வரி. அக்கா அதை முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு எங்களுக்கு.

"கட்டிலை நகர்த்திவிட்டேன். இருமல் குறைந்துவிட்டது."

அது அண்ணனின் மனைவி, இவர்களுடைய பாட்டி எழுதியது; கையெழுத்தை அக்கா அடையாளம் கண்டார். கணவருக்குத் தெரியாமல் திறந்து, வாசித்து, சொன்னபடி செய்து, பதில் அனுப்ப வழியில்லாமல் அந்தக் கடிதத்திலேயே பதிலையும் எழுதி ஒட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

அக்கா கடிதத்தை மேசையில் விரித்து வைத்தார். பிறகு தம்பி, "அம்மா கடைசிவரை சன்னல் பக்கம்தானே படுத்தார்," என்றார்.

"வேறெங்கும் படுத்தால் அவருக்கு நித்திரை வராது," என்றார் அக்கா. அதற்குப் பிறகு சிரிக்கத் தொடங்கினார். தம்பியும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்தது. என் கணவர் ஒருவரும் கேளாமலே எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார். தேத்தண்ணீரோடு மிச்ச மூன்று கடிதங்களையும் வாசித்து முடித்தோம்.

தாயார் தனக்குச் சொன்ன ஒரு கதையை அக்கா அன்றுதான் வெளியே விட்டார். தம்பிக்கு அது தெரியாது. பல வருடம் கழித்து, மில்லை நடத்திய அந்த அண்ணனுக்கு நெஞ்சில் மாவுத் தூசி அடைத்து மூச்சு முட்டியபோது, ஒருவருக்கும் சொல்லாமல் பெர்லினுக்குப் போயிருக்கிறார். தங்கையின் மருத்துவ நிலையத்தில் பெண்கள் வரிசையில், தொப்பியை மடியில் வைத்தபடி, தன் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தாராம். வெளியே வந்து பார்த்த தங்கை, "இங்கே ஆண்களைப் பார்ப்பதில்லை. மேலே போ, குசினியில் பார்க்கிறேன்," என்றாராம். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் தங்கி, தங்கை வைத்த சூப்பைக் குறை சொல்லிக்கொண்டு, குணமாகித் திரும்பினார்.

மெல்பேர்ணுக்குத் திரும்பி அந்த ஐந்து வருடத்தையும் எழுதினோம். அக்கா சிட்னியிலிருந்து கிழமைக்கு இரண்டு கடிதம் போட்டுத் திருத்தம் சொன்னார். ஒரு தேவாலயத்தின் ஸ்டென்சில் மெஷினில் முப்பது பிரதி எடுத்து, என் கணவர் அட்டைக்குச் சிவப்புப் பலகை ஒன்று வரைந்து கொடுத்தார். ஊர் நூலகத்தின் பின் அறையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டம் வைத்தோம். அக்கா ரயிலில் வந்து முன் வரிசையில் இருந்தார். அயலட்டை ஆட்களும் தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் சிலரும் வந்தார்கள். ஜேர்மன்காரர் பேச எழும்பி, நாலாவது கடிதம் வந்ததும் தொடர முடியாமல் தாளை என்னிடம் நீட்டினார். சேலையைச் சரிசெய்துகொண்டு நான் வாசித்தேன். முடிந்ததும் ஒரு பெண் கையைத் தூக்கி, அந்த டாக்டரின் நிலையம் இப்போதும் திறந்திருக்கிறதா என்று கேட்டாள். சிரித்தவர்கள் இருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அங்கே வந்திருந்த இளம் பெண் டாக்டர் ஒருவர் அவளைத் தனியே கூப்பிட்டுக் கனநேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கூட்டத்துக்குப் பிறகு நூலகத்தின் தலைமைப் பெண், இந்தப் புத்தகத்தை யார் தட்டெழுதியது என்று விசாரித்தார். கிழமைக்கு மூன்று நாள் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார். உள்ளூர் அனுபவம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அங்கே நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

புத்தகத்தில் ஒரு பிரதி அங்கே தட்டில் இருந்தது. யாரும் எடுக்காத புத்தகங்களை வருடக் கடைசியில் கழிப்பது வழக்கம். அதனால் ஒவ்வொரு முறையும் பட்டியல் போடும் முன் அந்தப் புத்தகத்தின் பின் அட்டையைத் திறந்து பார்ப்பேன். தவணைச் சீட்டில் திகதி முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருக்கும். ஒரு நாள் ஆர்வத்தில் யார் இப்படி எடுக்கிறார்கள் என்று பதிவைப் புரட்டினேன். தையற்காரப் பெண்கள் சிலர், மருத்துவம் படிக்கும் மாணவி ஒருத்தி. மற்றதெல்லாம் ஜேர்மன்காரரே. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சைக்கிளில் வந்து, எனக்குத் தெரியாமல் அடுத்த கவுண்டரில் நின்று, தன் புத்தகத்தைத் தானே இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.